பால் தட்டில் வளையம் இல்லை

செப்டம்பர் 9

ரங்காயியின் ஒன்றரை ஏக்கர் மஞ்சளைக் கொன்றது எங்கள் கம்பெனி. எப்படி என்று இன்னும் தெரியாது. ஆனால் கொன்றது எங்கள் கம்பெனிதான்.

இதை ஆய்வகக் குறிப்பேட்டில் எழுத முடியாது. அதில் பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டிருக்கிறது. மாதக் கடைசியில் கிருபாகரன் சார் வாங்கிப் பார்ப்பார். அதனால் ஹாஸ்டலுக்கு எதிரே உள்ள கடையில் இந்த நோட்டை வாங்கினேன். அட்டையில் இரண்டு மயில்.

நாங்கள் விற்பது சூடோமோனாஸ். வேரில் குடியேறி, வேரை அழுகவைக்கும் கிருமிகளோடு சண்டை போடும் நல்ல பாக்டீரியா. டேங்க்கில் பெருக்கி, பவுடரில் கலந்து, கிலோ பாக்கெட்டாக அனுப்புகிறோம். ரங்காயி ஜூனில் எங்கள் பாக்கெட்டில் விதைமஞ்சளை நேர்த்தி செய்து நட்டிருக்கிறாள். ஆகஸ்ட் கடைசியில் கிழங்கு அழுகத் தொடங்கி, இப்போது பாதி மஞ்சள் காடு போய்விட்டது. வேளாண் அலுவலகத்துக்குப் புகார் எழுதியிருக்கிறாள். அவர்கள் எங்களிடம் அறிக்கை கேட்டிருக்கிறார்கள். கொன்றவனிடமே பிரேதப் பரிசோதனை.

நிலம் குத்தகை. பாக்கெட் சரியில்லை என்று அறிக்கை வந்தால் தையில் குத்தகை தொடரும், அவள் தப்பு என்று வந்தால் வேறு ஆளுக்கு, இதுதான் நிலத்துக்காரர் சொல்லியிருப்பது. புகாரிலேயே எழுதியிருக்கிறாள்.

சார் அதை நின்றுகொண்டே படித்தார். "ரசாயன மருந்தோட கலந்திருப்பா. எல்லாரும் பண்றதுதான். நீ போய் வேர் எடுத்துட்டு வா, வினோதா. எடுத்தோம்னு இருக்கணும்" என்றார்.

போவதற்கு முன்பே முடிவு தயார்.

செப்டம்பர் 11

மேட்டுப்புதூர். கம்பெனி ஜீப்பில் அய்யாவு அண்ணன் ஓட்டிக்கொண்டு வந்தார். டேங்க் பார்ப்பதும் அவர்தான், வண்டி ஓட்டுவதும் அவர்தான். இரண்டு வேலை, ஒரு சம்பளம்.

ரங்காயிக்கு நாற்பத்தைந்து இருக்கும். நாங்கள் இறங்கியதும் முதலில் ஜீப்புக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"பெரிய சார் வரலீங்களா?"

"நான்தாங்க வந்திருக்கேன்."

"அது தெரியுதுங்."

காட்டின் மேற்குப் பக்கம் முழுக்க இலை விளிம்பு காய்ந்து சுருண்டிருந்தது. ஒரு செடியை இழுத்தேன். எந்தப் பிடிப்பும் இல்லாமல் கையோடு வந்தது. கிழங்கு கூழாகி நாறியது. ரங்காயி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நான் திருப்பிக்கொண்டேன்.

சார் சொல்லி அனுப்பிய கேள்வியைக் கேட்டேன். மருந்து ஏதாவது கலந்தீர்களா?

"ஏனுங் அம்மிணி, எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? ஏழாவது வரைக்கும் போனேனுங்க." வீட்டுக்குள் போய் எங்கள் பாக்கெட்டின் காலி உறைகளைக் கொண்டுவந்தாள். ஆறு உறை, தண்ணீர் விட்டு அலசிக் காயவைத்து ரப்பர் பேண்ட் போட்டது. பின்பக்கத்தை எழுத்துக் கூட்டாமல் படித்தாள். "'ரசாயனப் பூஞ்சைக்கொல்லிகளுடன் கலக்கக் கூடாது.' இதைப் படிச்சுப்போட்டுத்தான் புதுசா ஒரு டப்பு வாங்கினேன். பழைய அண்டாவுல போன வருசம் காப்பர் மருந்து கரைச்சதுங்க. கழுவினாலும் ஒட்டியிருக்குமல்லங்?"

எங்கள் ஆய்வகத்தில் கூட யாரும் இப்படி யோசிப்பதில்லை.

வடிவாய்க்காலைப் பார்த்தேன். நான்கு பக்கமும் முழங்கால் ஆழம், ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை. பாத்தியெல்லாம் நல்ல உயரம். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன்.

"என்னத்தையோ எழுதிட்டே இருக்கறீங்க. எழுதுங், எழுதுங். நல்லா எழுதிப் போடுங்" என்றாள். கிளம்பும்போது ஒரு படி அவரைக்காயை, வேர் போட்ட ஐஸ் பெட்டி மேலே வைத்துவிட்டுப் போய்விட்டாள். திருப்பிக் கொடுக்க அய்யாவு அண்ணன் விடவில்லை. "வேண்டாம்னா, நம்ம கை பட்டத வாங்க மாட்டாங்கன்னு நெனச்சுக்கும் கண்ணு" என்றார். 'நம்ம' என்றது அவள் சாதியை மட்டுமா, தன்னையும் சேர்த்தா? கேட்கவில்லை. தெரியும்.

செப்டம்பர் 12

பாக்டீரியா வளர்க்கும் தட்டு எழுபத்திரண்டு ஊற்றினேன். கிருமி நீக்கும் ஆட்டோகிளேவின் மூடியில் ஆவி கசிகிறது. மூன்று முறை எழுதிக் கொடுத்தாகிவிட்டது.

ரங்காயி வேரில் எங்கள் பாக்டீரியா இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் வழி சுலபம். எங்கள் வகை ரிஃபாம்பிசினைத் தாங்கும். காசநோய்க்குக் கொடுக்கும் மருந்து அது. தட்டில் அதைக் கலந்துவிட்டால் மண்ணில் உள்ள மற்றவை செத்துப்போகும். எங்களுடையது மட்டும் வளரும். யூவி விளக்கின் கீழ் பச்சையாக ஒளிரும். விவசாயிக்காகச் செய்த ஏற்பாடு இல்லை இது. வேறு கம்பெனிக்காரன் எங்கள் கல்ச்சரைத் திருடி விற்றால் பிடிப்பதற்கு.

வெள்ளிக்கிழமைதோறும் செய்யும் வேலையையும் முடித்தேன். டேங்க்குக்கு விதையாகும் தாய்க் கல்ச்சரைப் புதுக் குழாய்க்கு மாற்றுவது. எனக்கு முன்னால் இருந்த ஹேமாவதி தட்டில் பொட்டுப் பொட்டாக வளரும் காலனிகளில் நான்கைந்தைச் சேர்த்து வழித்து மாற்றுவாளாம். சோம்பேறித்தனம். நான் விளக்கின் கீழே தட்டைப் பிடித்து, இருப்பதிலேயே பெரியதாக, பளிச்சென்று ஒளிரும் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்றுவேன். பதினான்கு மாதமாக, ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. கல்ச்சரை உறையவைத்துக் காக்க வேண்டிய டீப் ஃப்ரீசரே செத்துக் கிடக்கும் கம்பெனியில் கல்ச்சர் இன்னும் உயிரோடு இருக்கிறதென்றால் அது என்னால்தான்.

செப்டம்பர் 14

தட்டு முழுக்கப் பச்சை.

பாக்கெட்டில் செத்த பவுடரை அடைத்து விற்றிருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். எழுதுவதற்கு வாக்கியம்கூட வைத்திருந்தேன். ஆனால் ரங்காயி வேரில் எங்கள் பாக்டீரியா லட்சக்கணக்கில் இருக்கிறது. அழுகிய செடியின் வேரிலும் இருக்கிறது. அவள் ரசாயனம் கலந்திருந்தால் இத்தனை இருக்காது. ஆக, அவள் சொன்னது உண்மை.

சாரிடம் தட்டைக் காட்டினேன். சந்தோஷப்பட்டார். "பாத்தியா? நம்ம ப்ராடக்ட் பிரமாதம். அப்ப ரசாயனம்னு போடாதே. தண்ணி தேங்கிப்போச்சுன்னு போடு. வடிகால் சரியில்ல."

"வடிகால் நல்லா இருந்துச்சு சார். நான் பார்த்தேன்."

"நீ பாத்தது ஒரு நாள்."

சட்டையை மாற்றுவது போலக் காரணத்தை மாற்றுகிறார். உள்ளே இருக்கும் ஆள் மட்டும் ரங்காயிதான்.

செப்டம்பர் 17

இருக்கிறது, ஆனால் காப்பாற்றவில்லை. எல்லைச்சாமி குதிரை மேல் உட்கார்ந்தபடியே களவை வேடிக்கை பார்த்த மாதிரி.

அழுகிய கிழங்கிலிருந்து பித்தியத்தைப் பிரித்தெடுத்திருக்கிறேன். கிழங்கை அழுகவைக்கும் கிருமி அது. ஒரு தட்டின் ஒரு பக்கம் அதை வைத்து, எதிர்ப்பக்கம் எங்கள் பாக்டீரியாவை ஒரு கோடாக இழுத்தேன். எங்கள் ஆள் விஷத்தைக் கக்கினால் பித்தியம் நடுவிலேயே நின்றுவிட வேண்டும். இந்தச் சோதனையை நான் சேர்ந்த வாரத்தில் ஒருமுறை செய்தேன். பிறகு யாரும் செய்யச் சொல்லவில்லை. எண்ணிக்கை மட்டும்தான் கேட்பார்கள்.

செப்டம்பர் 19

பித்தியம் நிற்கவில்லை. பஞ்சு போல வந்து, எங்கள் கோட்டின் மேலேயே ஏறிப் படுத்துக்கொண்டது.

டேங்க் அறைக்குப் போனேன். அய்யாவு அண்ணன் போண்டா தின்றுகொண்டிருந்தார். நேராகக் கேட்டேன். "டேங்க்கை ஒழுங்காக் கழுவறீங்களா இல்லையா?"

"ஏன் கண்ணு?"

"ஏதோ கலந்திருக்கு. நம்ம பாக்டீரியா சண்டை போடல. உங்க டேங்க்ல தான் கெட்டுப்போயிருக்கு."

அவர் போண்டாவைக் காகிதத்தில் வைத்து மடித்தார். "கண்ணு, நீ குழாயில குடுக்கற. நான் டேங்க்கு நெறையாப் பெருக்கித் தர்றேன். கழுதையக் குடுத்தீன்னா ஆயிரம் கழுதை தருவேன். குதிரையாக்கறதுக்கு என்ற கிட்ட மந்திரம் இல்ல."

எழுந்துபோய்க் கையைக் கழுவினார். மிச்சப் போண்டாவைத் தின்னவில்லை.

அவர் சொன்னது சரியான வாதம் இல்லை.

செப்டம்பர் 22

பத்தொன்பதாம் தேதி மாலையே ஹேமாவதியின் பழைய மேசை இழுப்பறையில் ஒரு மூடி போட்ட குழாய் கிடைத்திருந்தது. பென்சிலில் எழுதிய தேதி, எங்கள் வகையின் எண். உள்ளே வெறும் தண்ணீர். கிருமி நீக்கிய தண்ணீரில் சூடோமோனாஸ் பல வருடம் பட்டினியாகக் கிடந்து உயிர் வாழும். அவள் சோம்பேறி என்று எழுதியிருந்தேன்.

அதைத் தட்டில் வளர்த்துப் பித்தியத்துக்கு எதிரே வைத்தேன். பித்தியம் விரல் அகலத்துக்கு அப்பாலேயே நின்றுவிட்டது. பழைய ஆள் இன்னும் சண்டை போடுகிறான்.

அப்படியானால் எங்கே மறந்தான்? ஒவ்வொரு மாதக் கடைசியிலும் ஒரு குழாயைத் தனியாகக் குளிர்ப்பெட்டியில் வைப்பது என் வழக்கம். யாரும் சொல்லவில்லை, நானாகச் செய்வது. பதினான்கு குழாய்களையும் எடுத்தேன். பால் பவுடர் கலந்த தட்டில் வரிசையாகப் பொட்டு வைத்தேன். சண்டை தெரிந்த சூடோமோனாஸ் பாலைக் கரைத்துச் சுற்றிலும் கண்ணாடி மாதிரி ஒரு வளையம் போடும். மறந்தது போடாது. ஆய்வகத்தில் வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டு வளர்த்தால் சில பாக்டீரியா விஷம் செய்வதையே விட்டுவிடும் என்று எம்.எஸ்ஸியில் படித்திருக்கிறேன். மிச்சமாகும் பலத்தில் வேகமாகப் பெருகும். சாதாரணத்தைவிடப் பெரிதாக வளரும். கூடுதலாக ஒளிரும்.

செப்டம்பர் 23

பிப்ரவரி வரை வளையம் இருக்கிறது. மார்ச்சிலிருந்து இல்லை.

ரங்காயியின் பாக்கெட் மே மாதத் தயாரிப்பு.

ஆய்வகக் குறிப்பேட்டில் மார்ச் பக்கத்தைத் திருப்பினேன். என் கையெழுத்து. 'இதுவரை பார்த்ததிலேயே மிகப் பெரிய, மிகப் பளிச்சென்ற காலனி. தேர்ந்தெடுக்கப்பட்டது.' அதைப் படம் எடுத்து வாட்ஸாப்பில் ஸ்டேட்டஸ் வைத்திருந்தேன். முப்பத்தேழு பேர் பார்த்தார்கள். சார் கைதட்டும் பொம்மை போட்டிருந்தார்.

டீப் ஃப்ரீசரை ரிப்பேர் பண்ணியிருந்தால் இது நடந்திருக்காது. சோதனையைக் கட்டாயம் ஆக்கியிருந்தால் நடந்திருக்காது. எண்ணிக்கையைத் தவிர எதையும் கேட்காத கம்பெனி இது.

செப்டம்பர் 24

தலைக்குக் குளித்தேன். துணி துவைத்தேன்.

செப்டம்பர் 26

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பால் தட்டை மேசை மேல் வைத்தேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்துப் பதில்களோடு போயிருந்தேன். கோபப்படவில்லை. தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு காலத்தில் நல்ல விஞ்ஞானியாக இருந்திருப்பார். பார்க்கும் விதத்தில் தெரிந்தது.

"அழகா கண்டுபிடிச்சிருக்கே" என்றார்.

"அறிக்கையில இதை எழுதலாமா சார்?"

"எழுதலாம். லேபிள்ல நாம என்ன போட்டிருக்கோம்?"

"ஒரு கிராமுக்கு எத்தனை இருக்கும்னு."

"இருந்ததா?"

"இருந்தது."

"சண்டை போடும்னு எங்கயாவது போட்டிருக்கோமா?" தட்டைக் கீழே வைத்தார். "கல்ச்சர் யார் பொறுப்பு, வினோதா?"

பால் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"உன் நல்லதுக்குத்தான் கேக்கறேன். இந்த வருஷம் நம்ம பாக்கெட் நாலு மாவட்டத்துக்குப் போயிருக்கு. இதை எழுதினா முதல் வரியில உன் பேர் வரும். உன் ஒப்பந்தம் அக்டோபரோட முடியுது இல்ல? அந்தத் தண்ணிக் குழாய எடு. அதிலிருந்து புதுத் தாய்க் கல்ச்சர் ஆரம்பி. அடுத்த பருவத்துல எல்லாம் சரியாயிடும்."

"ரங்காயிக்கு?"

"அடுத்த பருவத்துல அவளுக்கும்தான் சரியாயிடும்."

அடுத்த பருவத்தில் அவளுக்குக் காடு இருக்காது. இதை அவரிடம் சொன்னேனா, படியிறங்கும்போது எனக்குள் சொன்னேனா என்று இப்போது உறுதியாகத் தெரியவில்லை.

அக்டோபர் 1

அலுவலகத்தில் சில காகித வேலை. ஒப்பந்தத்தை அடுத்த செப்டம்பர் வரை நீட்டித்திருக்கிறார்கள். ஹாஸ்டலில் மீன் குழம்பு.

அக்டோபர் 6

புதுத் தாய்க் கல்ச்சர் தயார். பால் தட்டில் வளையம் பளிங்கு மாதிரி விழுகிறது. இனி மாதாமாதம் பால் தட்டு, பித்தியம் தட்டு இரண்டும் கட்டாயம் என்று நடைமுறை எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஒரே காலனியை எடுக்கக் கூடாது, பத்தைச் சேர்த்து எடுக்க வேண்டும் என்று சிவப்பு மையில். சார் பார்த்துவிட்டு, "இதுதான் சயின்ஸ்" என்றார். டீப் ஃப்ரீசருக்கும் ஆள் வந்தான். ஒரு மணி நேர வேலை. பதினைந்து மாதமாகச் செத்துக் கிடந்தது.

இந்த நாட்டில் யாராவது நாசமானால்தான் எதுவும் ரிப்பேர் ஆகும்.

அக்டோபர் 16

ரங்காயி வந்திருந்தாள். மதியம் காவலாளி கூப்பிட்டார். கேட்டுக்கு வெளியே புங்கமரத்தடியில் நின்றிருந்தாள். கையில் ஒரு ஜெராக்ஸ்.

"இது உங்க கையெழுத்துங்களா அம்மிணி?"

மூன்று இடத்தில் இருந்தது. 'போதிய வடிகால் வசதி இல்லாமையும் விவசாயி அளவுக்கு மீறி நீர் பாய்ச்சியமையுமே காரணம் எனக் கள ஆய்வில் தெரியவந்தது.' கள ஆய்வு செய்தவர் என்ற இடத்தில் என் பெயர் தெளிவாக இருந்தது. என் கையெழுத்து எப்போதும் தெளிவாகவே இருக்கும்.

"ஆமாங்க."

"வடிவாய்க்கால் பாத்தீங்களல்லங்? உள்ள எறங்கி நின்னு பாத்தீங்க. சுடிதாரு அழுக்காயிருமுன்னு நான்தான் சொன்னேன்."

"பார்த்தேன்."

"நிலத்துக்காரப் பண்ணாடி இதப் படிச்சுப்போட்டு, 'ஏண்டி, தண்ணி கட்டத் தெரியாத நீ எதுக்குடி மஞ்சள் வெக்கற, சட்டி கழுவப் போ'ங்கறார். பண்ணாடிச்சி சிரிக்குது. முப்பது வருசமாத் தண்ணி கட்டறேனுங்க. அவங்க காட்டுக்கும் நான்தான் கட்டினேன்."

மரத்தடிக் கல்லில் உட்கார்ந்தேன். அவளும் எதிரே குத்தவைத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். பையிலிருந்து இந்த நோட்டை எடுத்து, பால் தட்டு பற்றி எழுதியதைப் படித்துக் காட்டினேன். மார்ச் பக்கத்திலிருந்து எழுதி வைத்த வரியையும். பளிச்சென்று இருந்ததை எடுத்தேன் என்றேன். அதுதான் கெட்டது என்றேன். இதைச் சத்தமாகச் சொன்னது இதுவே முதல் தடவை.

கத்துவாள் என்று நினைத்தேன். கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரே ஒரு கேள்வி. "அப்ப அது என்ற வேருல இருந்துச்சு. சும்மா தின்னுபோட்டு இருந்துச்சு. அப்படித்தானுங்களே?"

"அப்படித்தான்."

"எங்க ஊர்லயும் அப்படி ஆளுக உண்டுங்க" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு ஆறுதலாக இருந்தது. அதற்காக என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பிறகு எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். "தப்பு எல்லாருக்கும் வருமுங்க அம்மிணி. நான் அதுக்கு வரல. இப்ப வாயில சொன்னீங்களல்ல, அத ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. பண்ணாடிகிட்டக் காட்டோணும். தைக்கு முன்னால வேணும்."

"யோசிச்சுச் சொல்றேங்க" என்றேன்.

"இதுல யோசிக்க என்னங்க இருக்குது?"

அக்டோபர் 27

திங்கட்கிழமை. வந்தாள். நான் ஆட்டோகிளேவ் பக்கத்தில் இருந்தேன். வேலையை விட்டு வர முடியாது என்று சொல்லச் சொன்னேன்.

எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். நிலத்துக்காரர் ஒரு தாளைப் பார்த்து மனம் மாறுகிறவர் இல்லை. இந்தக் காரணம் போனாலும் வேறு காரணம் தேடுவார். கம்பெனி என்னைத் துரத்தும். இன்னொருத்தி வந்து மறுபடியும் பளிச்சென்று இருப்பதை எடுப்பாள். சுவரில் ஒட்டிய காகிதத்தை யாராவது கிழிப்பார்கள். நான் உள்ளே இருந்தால்தான் அடுத்த ஆயிரம் ரங்காயிகளைக் காப்பாற்ற முடியும்.

நன்றாக எழுதியிருக்கிறேன். சாரே எழுதியது போல இருக்கிறது.

நவம்பர் 3

திங்கட்கிழமை. வந்தாள்.

நவம்பர் 10

அய்யாவு அண்ணன் சொன்னார்: மேட்டுப்புதூர்க் காட்டில் நிலத்துக்காரர் ஆள் விட்டு மிச்ச மஞ்சளைத் தோண்டச் சொல்லிவிட்டாராம். நோவு பக்கத்துக் காட்டுக்குப் பரவும் என்று பேச்சு. நல்ல கிழங்கும் அதில் போய்விட்டது. தையில் வேறு ஆள் வருகிறானாம், ஆனால் அவனிடம் நிலத்துக்காரர் இன்னும் முன்பணம் வாங்கவில்லையாம்.

"அப்ப இன்னும் நேரம் இருக்கு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"எதுக்குக் கண்ணு?" என்றார்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. டேங்க்கைப் பற்றி நான் கேட்ட நாளிலிருந்து என்னோடு டீ குடிப்பதில்லை. இன்று ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றார். குடித்து முடிக்கும்வரை நின்றார். பிறகு காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போனார்.

நவம்பர் 17

இனி அவளைக் கேட்டுக்குப் பக்கத்தில் விடக் கூடாது என்று காவலாளிக்கு உத்தரவு. சாருடைய கையெழுத்து.

மாலை ஐந்தரைக்குக் கம்பெனி வேனில் ஏறினேன். ஜன்னல் ஓர இடம். வேன் கேட்டைத் தாண்டி, பால் வண்டிக்கு வழி விட நின்றது. ரங்காயி ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து நடந்து வந்தாள். அவசரமே இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நகக்கண்ணில் மஞ்சள் கறை. வேனில் இருந்த பன்னிரண்டு பேரும் போனைப் பார்த்தார்கள்.

மடியில் பை இருந்தது. பைக்குள் இந்த நோட்டு. மயில் போட்ட அட்டை வெளியே தெரிந்தது. அவள் அதைப் பார்த்தாள். நான் பையின் வாயை மூடினேன்.

"புதுசா எழுத வேண்டாமுங்க அம்மிணி. அன்னைக்குப் படிச்சீங்களல்ல, அந்த ஏட்டக் கிழிச்சுக் குடுங்."

பால் வண்டி போய்விட்டது. டிரைவர் கியர் போட்டார். அவள் கம்பியை விடாமல் கூடவே நடந்தாள்.

"ஒரே ஏடுதானுங்க அம்மிணி. கிழிச்சுக் குடுங்."